அப்பாவால் முடியாதவற்றின் பட்டியல்

1

லட்சுமி பூஜைக்கு மறுநாள், ஜாதவ்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கம்பிக் கதவில் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைச் செருகிவிட்டுப் போனார். உள்ளே ஒரே தாள், மூன்று வரி ஆங்கிலம். என் அப்பா அன்றாடக் காரியங்களுக்கு முற்றிலும் பிறரைச் சார்ந்திருக்கிறார் என்பது மருத்துவக் குழுவின் முன் நிறுவப்படவில்லை. ஆகவே உதவியாள் படி வழங்க இயலாது. மறுபரிசீலனை வேண்டுமானால் ஒரு மாதத்துக்குள் எழுதலாம்.

நின்றபடியே இரண்டு முறை படித்தேன். எட்டிப் பார்த்தால், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் சந்தியா மாசி அவருக்கு இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னட்டி லெட்டரு?" என்றார் அப்பா, வாயில் இட்லியோடு.

"ஆபீஸ்லேருந்துப்பா. இன்னும் ஏதோ விளக்கம் வேணுமாம்."

"கேக்கட்டும், கேக்கட்டும். கவர்மெண்ட்டுன்னா கேக்கத்தான் செய்யும்."

கடிதத்தை என் அலுவலகப் பைக்குள் வைத்தேன். சால்ட் லேக் போகும் பேருந்தில் அன்று உட்கார இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எடுத்துப் படிப்பேன் என்று தெரியும்.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மத்திய அரசுப் பணிமனை ஒன்றில் மின்பிரிவு ஃபோர்மேனாக இருந்தவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி அவர் இங்கே வந்தபோது இந்த நகரத்தின் பெயர் கல்கத்தா. எனக்கு அப்போது வயது ஏழு. மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடுவோம் என்று அம்மா பாதிப் பாத்திரங்களைக் கட்டைவிட்டுப் பிரிக்கவே இல்லை. ஐந்தாவது ஆண்டில் அப்பா, வேலை நேரத்தில், கிரேன் மேடையிலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பில் அடி. முதலில் கைத்தடி, பிறகு வாக்கர், பிறகு வீல்சேர். இப்போது கைகளும் மெல்ல மெல்ல விடைபெறுகின்றன.

அம்மா இருந்தவரை அப்பாவுக்கு என்னென்ன முடியாது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் இரண்டு கைகளுக்குள் அதெல்லாம் மறைந்திருந்தது. அம்மா போய் ஆறு ஆண்டுகளாகின்றன. சடங்குகள் முடிந்த மறுநாள் காலை, குளியலறை வாசலில் நான் வாளியோடு நின்றேன். அப்பா வீல்சேரில் இருந்தபடி சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டி, நீ போ. வேற ஆள் பாப்போம்."

அப்படி வந்தவர்தான் சந்தியா மாசி. இங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை ஆயா என்பார்கள். அவர்களை அனுப்பிவைக்க ஆயா சென்டர்கள் இருக்கின்றன. மாசி என்றால் சித்தி. கேனிங் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து, மாலை ரயிலில் திரும்புவார். அப்பாவை 'மேஷோமஷாய்' என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே அதட்டுவார். அப்பாவும் பதிலுக்கு வங்காளியில் அதட்டுவார். பிறகு குளியலறைக் கதவு சாத்தப்படும். ஆறு ஆண்டுகளாக நான் அந்தக் கதவைத் தாண்டியதில்லை. எங்கள் வீட்டில் அப்பா அப்பாவாகவும் நான் மகளாகவும் இருப்பதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாசியின் சம்பளம், விபத்துக்காக அப்பாவுக்குக் கிடைத்த தொகையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அது அந்தக் குளிர்காலத்தோடு தீர்ந்துவிடும். ஓய்வூதியம் வாடகைக்கு; எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவை வைத்துக்கொண்டு சின்னக் கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் என் சம்பளம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும். அப்போதுதான் புதிய விதி ஒன்று வந்தது. பணியில் அடிபட்டு முழு ஊனமானவர்களுக்கு, பார்த்துக்கொள்ள ஆள் வைக்க, ஓய்வூதியத்தோடு ஒரு படி. எங்களுக்காகவே எழுதியது போலிருந்தது. அதைத்தான் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

3

எங்கே பிழை நேர்ந்தது என்று கண்டுபிடிப்பது என் தொழில். அன்று பேருந்தில் நின்றுகொண்டே, மழைக்காலத்தில் நடந்த அந்த மருத்துவக் குழுவின் காலையை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பிழை ஒன்றல்ல.

முதலில், சட்டை. "ஆபீசர் முன்னால போறோம்" என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால் கரியாஹாட்டில் புதிதாக ஒரு முழுக்கைச் சட்டை வாங்கினேன். மாசி வழவழப்பாக முகம் மழித்து, பவுடர் போட்டு, கடிகாரம் கட்டி, பையில் பேனா செருகினார்.

அடுத்தது கையெழுத்து. விண்ணப்பத்தில் 'கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை' என்று இருந்தது. பதினைந்து நாளாக அப்பா பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். பேனாவை விரல்களுக்கிடையில் மாசி ரப்பர் பேண்டு போட்டு இறுக்குவார். "ரேகையே வச்சிடலாம்பா" என்று ஒருமுறை சொன்னேன். "எங்கப்பன் கைநாட்டு. நான் கைநாட்டு இல்ல" என்றார்.

குழுவில் மூன்று மருத்துவர்கள். நடுவில் இருந்தவர் கோப்பிலிருந்து தலையெடுத்து, "கேமோன் ஆச்சேன்?" என்றார். எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பது.

"கூப் பாலோ!" என்றார் அப்பா. ரொம்ப நன்றாக இருக்கிறேன். கணீரென்ற குரல். மூன்று பேரும் புன்னகைத்தார்கள். தமிழர் இத்தனை நல்ல வங்காளி பேசுகிறாரே என்று ஒருவர் பாராட்டினார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. சாப்பிடுவது? சாப்பிடுகிறேன். உடை? பாருங்கள், போட்டிருக்கிறேன். வீட்டில் பொழுது எப்படிப் போகிறது? பேப்பர், டிவி, கிரிக்கெட். அப்புறம் மேசையில் காகிதத்தை வைத்தார்கள். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில், கீழே ஒரு கோடிழுத்து, முழுப்பெயரையும் எழுதினார். அழகான கையெழுத்து.

பிறகு மருத்துவர் என்னைப் பார்த்தார். "வீட்டில் சிரமம் இருக்கிறதா?"

"வீ மேனேஜ், சார்" என்றேன்.

சட்டையையும் கையெழுத்தையும் அப்பா மேல் போடலாம். இதை யார் மேல் போடுவது? வாரம் ஒருமுறை ஊருக்குப் போன் செய்யும்போது 'எல்லாரும் நல்லா இருக்கோம்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். பள்ளியில் கேட்டாலும் அலுவலகத்தில் கேட்டாலும் அதுதான் பதில். வெளியூரில் பிழைக்கிறவர்கள் முடியாது என்று சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பாவின் வலது கை நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் அந்தக் கையை அவரால் மடியிலிருந்து எடுக்க முடியவில்லை. அதைப் பார்க்க மருத்துவர்கள் யாரும் எங்கள் வீட்டில் இல்லை.

4

ஓய்வூதிய அலுவலகத்தின் தலைமை எழுத்தரை எல்லோரும் 'பொரோபாபு' என்பார்கள். பெரிய பாபு. மதிய இடைவேளையில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். அவர் கோப்பைப் பிரித்து, அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"என் கையெழுத்தே இப்படி இருக்காதே, மா" என்றார் வங்காளியில். இங்கே பெரியவர்கள் இளம் பெண்களை அம்மா என்றுதான் அழைப்பார்கள். "முழுக்க அடுத்தவரை நம்பி இருப்பவர் என்று இதைப் பார்த்து எந்த டாக்டர் எழுதுவார்?"

"பதினைந்து நாள் பழகினார் சார்."

அவர் சிரிக்கப்போய், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நல்ல நாளைக் காட்டியிருக்கிறீர்கள். அவர்களுக்கு வேண்டியது கெட்ட நாள். காலையிலிருந்து மறுநாள் காலைவரை ஒரு மனிதரால் எதெல்லாம் முடியவில்லை என்று ஒன்றுவிடாமல் எழுது. வெட்கப்படாதே. வெட்கப்பட்டால் கோப்பு நகராது."

மாலை ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அவருக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். "பேசாம அண்ணன கூட்டிக்கிட்டு இங்க வந்துரு. மாடி ரூம் சும்மாத்தான கெடக்கு. நீயும் வீட்டோட இருந்து பாத்துக்கிடலாம்லா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். மாடி அறைக்கு இருபத்திரண்டு படி. குளியலறை கீழே. நான் வீட்டோடு இருப்பது என்றால் என்ன என்பதை அவர் யோசித்திருக்க மாட்டார். நான் யோசித்தேன். எனக்கு வேலை போகும். அது ஒரு பக்கம். ஆனால் அந்த வாளி மறுபடி என் கைக்கு வரும். அதைவிட அப்பாவுக்கு எது கொடுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாசி கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னேன். மறுபரிசீலனையிலும் இல்லை என்றால் குளிர்காலத்துக்குப் பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், மாசி.

மாசி செருப்பை மாட்டியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த டாக்டரை ஒரு நாள் இங்கே வரச் சொல், மாமணி" என்றார். என்னை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார். "உன் அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கிப் பார்க்கட்டும். இடுப்பு பிடித்துக்கொண்டதும் தானாக எழுதித் தருவார்."

5

பட்டியல் எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பட்டியல் புதிதல்ல; அலுவலகத்தில் நாள் முழுக்க அதுதான். ஆனால் இதில் இரண்டாவது வரியிலேயே தடுக்கியது. ஆங்கிலத்தில் எழுத வார்த்தை இருந்தது. மாசியோடு பேசிப் பேசி வங்காளியிலும் இருந்தது. தமிழில் இல்லை. உடம்பின் இந்த வேலைகளுக்கெல்லாம் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் தமிழே கிடையாது. அம்மாவிடம் இருந்திருக்கும். என்னிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போக அவளுக்கு நேரமில்லை.

இருந்தும் தமிழில்தான் எழுதினேன். ஏனென்றால் அலுவலகத்துக்குப் போகுமுன் அப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவரைப் பற்றிய காகிதத்தை அவருக்குத் தெரியாமல் கொடுப்பது திருட்டுத்தனம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாசி வருமுன், மறுப்புக் கடிதத்தை முதலில் படித்தேன். விளக்கம் கேட்டதாகச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். பிறகு பட்டியலைத் தொடங்கினேன்.

"ஒண்ணு. படுக்கையில தானா புரண்டு படுக்க முடியாது. ராத்திரி மூணு தடவை புரட்டிவிடணும். ரெண்டு. எந்திச்சு உக்கார முடியாது. மூணு. தண்ணி குடிக்க டம்ளர பிடிக்க முடியாது."

"நில்லு" என்றார் அப்பா. "பிடிக்க முடியும். தூக்கத்தான் முடியாது. சரியா எழுது."

அடித்துத் திருத்தினேன்.

"நாலு. சட்டை பட்டன் போட முடியாது. அஞ்சு. சாப்பாடு ஊட்டணும். ஆறு..." ஆறாவதை நான் மிக வேகமாகப் படித்தேன். ஏழாவதையும். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது குளிர்காலத் தொடக்கத்தில் ஓடாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பதினான்கு வரிகள். படித்து முடித்த பிறகு காகிதத்தை மடிப்பதா விரித்தே வைப்பதா என்று தெரியவில்லை.

"எங்க ஒர்க் ஷாப்ல ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பழுதுப் புத்தகம் உண்டு, தெரியுமா?" என்றார் அப்பா திடீரென்று. "ஷிப்டு முடியுறப்ப எழுதணும். சத்தம் வருதா, சூடாகுதா, பெல்ட்டு நழுவுதான்னு. இந்தப் பயலுவ திட்டு விழும்னு பயந்துக்கிட்டு 'ஓகே'ன்னு எழுதிட்டுப் போயிருவானுவ. அடுத்த ஷிப்டுல எவன் கையாவது போகும். நான் என்னா ஏச்சு ஏசுவேன், தெரியுமா?"

"சொல்லிருக்கீங்கப்பா."

"அங்க போயி நானே ஓகேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்." காகிதத்தை நோக்கித் தலையசைத்தார். "ஒம்பதாவது என்ன எழுதுன? திருப்பிப் படி. முதுகுப் புண்ண விட்டுட்ட போல இருக்கே."

பதினான்கு, பத்தொன்பது ஆனது. ஐந்தும் அவரே சொன்னவை.

6

டிசம்பரில் மறுபடி குழு முன் வரச்சொல்லி அழைப்பு வந்தது. காலையில் வீட்டில் ஒரு சண்டை. முகம் மழிக்க வேண்டாம், பழைய சட்டையே போதும் என்றேன். மாசி இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"இந்தத் தாடியோடு வெளியே கூட்டிப்போனால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஆயா இருந்தும் மனுஷனை இப்படியா வைத்திருப்பாள் என்று கேட்க மாட்டார்களா?"

"மாசி, இன்னிக்கு ஒரு நாள்..."

"மழிக்கச் சொல்லுட்டி" என்றார் அப்பா. "இருக்கிறதச் சொல்லுதேன். இல்லாதத நடிக்க மாட்டேன்."

மழித்தார். மேலே ஒரு மங்கி கேப்பும் மாட்டிவிட்டார். டிசம்பரில் இந்த ஊரில் அதற்குத் தப்பியவர் யாருமில்லை.

அதே அறை. நடுவில் இந்த முறை வேறு மருத்துவர், நரைத்த ஓர் அம்மாள். என் பட்டியலின் ஆங்கிலப் பிரதியை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். வேகமாகப் படிக்கவில்லை. சில வரிகளில் நிறுத்தி அப்பாவின் கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். 'கேமோன் ஆச்சேன்' என்று அவரும் கேட்டார். அப்பா வாயைத் திறந்து, மூடி, "காகிதத்தில் இருப்பதுதான்" என்றார்.

பிறகு அவர் கேட்டது என்னை. "குளிப்பாட்டுவது, சுத்தம் செய்வது எல்லாம் ஆயா. அவர் வராத நாளில்?"

"வராத நாள் கிடையாது மேடம். துர்கா பூஜைக்கு மட்டும் நாலு நாள் ஊருக்குப் போவார்."

"அந்த நாலு நாள்?"

"கமோடு நாற்காலி வரைக்கும் நான் கொண்டு விடுவேன். மற்றபடி அப்பா தானே துண்டால் துடைத்துக்கொள்வார்."

சொன்ன கணமே எனக்குப் புரிந்தது, அந்தப் பதில் பத்தொன்பது வரிகளையும் சாய்த்துவிடும் என்று. ஆனால் அது உண்மை. அந்த நாட்களில் அவரிடமே கேட்டிருக்கிறேன். தினமும் ஈரத் துண்டை நானே எடுத்துக் காயப்போட்டிருக்கிறேன். அம்மாள் பேனாவை எடுத்தார்.

"இல்லை" என்றார் அப்பா, வங்காளியில். "அவளுக்குத் தெரியாது."

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"துண்டைப் பக்கத்திலிருக்கும் தண்ணீர் மக்கில் தள்ளிவிடுவேன். அது மட்டும் என்னால் முடியும். நனைந்ததும் அவளைக் கூப்பிட்டுக் காயப்போடச் சொல்வேன். நாலு நாளும் உடம்பில் தண்ணீர் பட்டதில்லை." மூச்சு வாங்கிக்கொண்டார். "வயிறு சரியில்லை என்று சொல்லி, சோறும் சாப்பிடவில்லை. சாப்பிட்டால் கழுவ ஆள் வேண்டுமே. இவள் என் மகள்."

பூஜையின்போது மூன்றாவது நாள் நான் அவருக்காகக் கஞ்சி வைத்ததும், அவர் இரண்டு கரண்டி மட்டும் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியதும், சாயங்காலம் நான் தோழிகளோடு பந்தல் பார்க்கப் போனதும் அப்போது வரிசையாக நினைவுக்கு வந்தன. என் கையில் கோப்பு இருந்தது. அதை மேசைமேல் வைத்தேன்.

அம்மாள் எழுதினார். எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாக நான் படித்தேன்: முற்றிலும் பிறரைச் சார்ந்திருக்கிறார். கீழே மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். உத்தரவு தபாலில் வரும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி பார்ப்போம் என்றார்கள்.

7

உத்தரவு வந்துவிட்டது. மாசி இருக்கிறார். இரண்டு ஆண்டுகள் என்பதை என் மனம் இப்போதே நாட்களாக்கிப் பார்க்கிறது. அது என் சுபாவம். ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு, அப்பா நல்லா இருக்காங்களா என்றால், இப்போது உடனே பதில் சொல்வதில்லை. இருக்காங்க என்று மட்டும் சொல்கிறேன்.

எழுதாமல் விட முடியாதது அன்று திரும்பிவந்த டாக்ஸி. மாசி முன்சீட்டில் ஓட்டுநரோடு சாலை நெரிசலைத் திட்டிக்கொண்டு வந்தார். பின்னால் நானும், என் தோளில் சாய்ந்தபடி அப்பாவும். அப்படிச் சாய்த்துப் பிடித்தால்தான் அவர் சரியாமல் இருப்பார். பாதி வழியில் கேட்டேன்.

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா நீ செய்வே. அதான் சொல்லல."

நான் வெளியே பார்த்தேன். என்ன கடந்தது என்று தெரியாது. அவரே தொடர்ந்தார்.

"படி வந்தா, அடுத்த பூஜைக்கு அந்த நாலு நாளைக்கு வேற ஒரு ஆளப் பாத்து வை, என்ன? இனியும் பட்டினி கெடக்க ஏலாது. பக்கத்து வீட்ல லூச்சிப் பூரி பொரிக்கிற வாசன வேற வருது."